மணமாகாத முப்பத்தொரு வருடம்

19.09.2025 வெள்ளிக்கிழமை பகல் 11.30 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் இசக்கியம்மா முன்பு ஆஜராகிச் சொன்ன வாக்குமூலம்.

என் பெயர் தீபலட்சுமி. வயது 53. அருவங்காட்டில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் பெயர் ஹரிதாஸ். இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் பேனாவை நிறுத்தி, இதை இப்போது எழுதலாமா என்று யோசித்தார். முப்பத்தொரு வருடமாக அவருக்குச் சோறு போடுகிறேன், தாராளமாக எழுதுங்கள் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது. என் கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சோலூரில் கேரட் விவசாயம் செய்யும் என் உடன்பிறந்த அண்ணன் மயில்சாமி எங்கள் இருவர் பேரிலும் கொடுத்துள்ள புகாரைப் பற்றிக் கேட்டதில் நான் சொல்வதாவது.

நான் குன்னூருக்குத் தையல் பழகப் போய் வந்த காலத்தில் ஹரிதாஸுடன் பழக்கம் ஏற்பட்டது. அவர் வேறு சாதி என்பதால் எங்கள் வீட்டில் ஒப்பவில்லை. அதன் பிறகு 12.06.1994 ஞாயிறு காலை பர்லியாறு அருகே சாலையோரம் இருந்த சிறிய மாரியம்மன் கோவிலில் வைத்து அவர் எனக்குத் தாலி கட்டினார். அவருடைய நண்பர்கள் இருவர் உடனிருந்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் நாற்பது தடவை கேமராவை அழுத்திவிட்டு, கடைசியில் ஃபிலிம் போட மறந்துவிட்டதாகச் சொன்னார். அப்போது நல்ல மழை. பஸ்ஸுக்கு ஓடலாமா நிற்கலாமா என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, எதிரே பலாச்சுளை விற்ற அம்மாள் ஓடிவந்து ஒரு கறுப்புக் குடையைக் கையில் கொடுத்து, "வெச்சுக்கோ கண்ணு, நனையாமப் போங்க" என்றார். பெற்றவர்கள் வராத கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி குடை தருகிறாளே என்று நான் அங்கேயே அழுதுவிட்டேன். அதன் பிறகு என் அண்ணன் என்னுடன் பேசியதில்லை. அப்பா காலமானபோது சோலூருக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் ஒரே மகள் ஸ்ரீமதி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவளுக்குக் கார்த்திகையில் பிரசவம். நாங்கள் இருவரும் அங்கே போக விசாவுக்கு விண்ணப்பித்ததில், எங்கள் திருமணச் சான்றிதழ் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். அதன் பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கல்யாணப் பத்திரிகை, கோவில் ரசீது, போட்டோ இவற்றில் ஒன்றோ, நேரில் பார்த்தவர் சாட்சியோ வேண்டும் என்றார்கள். பத்திரிகை அடிக்கவில்லை. கோவில் ஒரு மழையில் மண்சரிந்து போய்விட்டது. பூசாரி உயிருடன் இல்லை. நண்பர்களில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவரும் போட்டோக்காரரும் பலாச்சுளை அம்மாளும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ரேஷன் கார்டைக் காட்டியதற்கு, அது நீங்களே சொல்லி வாங்கியது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு அலுவலகத்துக்கு வெளியே பத்திரம் எழுதும் லோகு என்பவர் எங்களைக் கூப்பிட்டு, நடந்த கல்யாணத்தை நிரூபிக்க அலைவதைவிடப் புதிதாக ஒரு கல்யாணம் செய்துகொள்வது சுலபம், சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தால் முப்பது நாள் பலகையில் ஒட்டுவார்கள், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். சரி என்று படிவத்தை வாங்கிப் பார்த்ததில், அதில் எங்கள் நிலையை எழுத மூன்றே வகைகள் இருந்தன. மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்துப் பெற்றவர். மணமானவர் என்று எழுத வழியில்லை. கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர் ஏற்கெனவே அதே ஆளைக் கட்டியிருப்பார் என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். துணையை இழந்தவர் என்று போட வழியில்லை, ஆள் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். விவாகரத்தைப் பற்றி நான் பல தடவை யோசித்ததுண்டு, வாங்கியதில்லை. மிஞ்சியது முதலாவதுதான்.

மணமாகாதவர் என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு மிகவும் கோபம். இரண்டு நாள் கழித்து ஸ்ரீமதி போனில், "அம்மா, எதையாவது போட்டுத் தொலம்மா, நீ பக்கத்துல இருந்தாப் போதும் எனக்கு" என்று அழுதாள். அதன் பிறகு 01.09.2025 அன்று இருவரும் மணமாகாதவர்கள் என்று கையெழுத்திட்டோம்.

அதன் பிறகு எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வேலாமணி மருதாணி அரைத்துக்கொண்டு வந்து, "ஏனுங் புதுப்பொண்ணு, மாப்பிள்ள ஊட்டுல என்ன போடறாங்க?" என்று கேட்டார். ஒரு பழைய பிரஷர் குக்கரும் முட்டிவலியும் போடுகிறார்கள் என்று சொன்னேன். என் கணவர் ஊட்டி போய்ப் புதுச் சட்டை எடுத்து, தலைக்கு மை பூசி, அது வழிந்து காது வரை கறுத்து நான்கு நாள் மப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தார். முதல் கல்யாணத்துக்குக் கிடைக்காத கேலியெல்லாம் இரண்டாவதில் கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு 15.09.2025 அன்று தோட்டத்துப் பத்திர வேலையாகப் பதிவு அலுவலகத்துக்கு வந்த என் அண்ணன், பலகையில் எங்கள் பெயர்களைப் பார்த்து, அங்கேயே ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு இந்த நிலையத்துக்கும் வந்து புகார் கொடுத்திருக்கிறார். இன்று காலை என்னையும் என் கணவரையும் அழைத்திருந்ததால் வந்தோம். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூரையைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

உதவி ஆய்வாளர் எனக்குச் சட்டத்தை விளக்கினார். இந்தச் சட்டப்படி கல்யாணம் செய்கிறவருக்கு உயிருடன் உள்ள கணவரோ மனைவியோ இருக்கக் கூடாது. எனக்கு உயிருடன் கணவர் இருக்கிறார் என்பது புகார். ஆகவே நான் ஹரிதாஸைக் கல்யாணம் செய்ய முடியாது, ஏனென்றால் ஹரிதாஸ் இருக்கிறார். "யம்மா, நானும் ரெண்டு நாளா இதப் படிக்கேன், எனக்கே தலைய சுத்துது" என்றார். அதன் பிறகு, புகார் பொய் என்று சொன்னால் அறிவிப்பு செல்லும், அடுத்த மாதம் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று ஆகும், உண்மை என்று சொன்னால் அறிவிப்பு ரத்தாகும், பொய் எழுதிக் கொடுத்ததற்கு இருவரும் பதில் சொல்ல வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஸ்ரீமதியின் முகம்தான் முன்னே வந்தது. பொய் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்கு முன், கல்யாணத்துக்கே வராத அண்ணன் எதை வைத்து எழுதினார் என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் புகாரின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டினார். அது வருமாறு:

"மேற்படி நாளில் கல்யாணத்தைத் தடுக்க மோட்டார் சைக்கிளில் போனேன். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். பலாப்பழக் கடையில் ஒதுங்கி நின்று கண்ணால் பார்த்தேன். மூன்றாவது முடிச்சு விழாமல் மேற்படி ஹரிதாஸ் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். என் தங்கை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் தடுக்கவில்லை. மழையாக இருந்ததால் என் குடையைக் கடைக்கார அம்மாளிடம் கொடுத்து அவர்களுக்குத் தரச் சொன்னேன். முறையாகத் தாலி கட்டி வாழும் என் தங்கையை மணமாகாதவள் என்று பலகையில் ஒட்டியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. மேற்படி குடையும் இன்றுவரை திரும்பி வரவில்லை."

முடிச்சு விஷயம் அன்று கோவிலில் கூட நின்றவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன். உதவி ஆய்வாளர் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு, என் அண்ணன் எழுதியது ஒரு எழுத்து விடாமல் உண்மை, 12.06.1994 அன்றே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, படிவத்தில் எழுதியதுதான் பொய், விசா போனாலும் போகட்டும், இதையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் பதிவு அலுவலரிடம் போனில் பேசினார். கல்யாணம் ஏற்கெனவே நடந்ததால் ஆட்சேபணை செல்லும், புதுக் கல்யாணம் செய்ய முடியாது என்று அவர் சொன்னார். நேரில் பார்த்த ஒருவர் எழுத்துமூலமாகச் சொல்லிவிட்டதால், நடந்த கல்யாணத்தைப் பழைய தேதியிலேயே பதிந்துகொள்ளலாம், அவர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். கல்யாணத்தை நிறுத்த வந்த காகிதமே கல்யாணத்துக்குச் சாட்சியாகிவிட்டது. படிவத்தில் எழுத வேறு வழியில்லாமல் எழுதியதற்கு மேல்நடவடிக்கை வேண்டாம் என்று எழுதப் போவதாக உதவி ஆய்வாளர் தெரிவித்தார்.

அண்ணனை உள்ளே அழைத்துச் சாட்சிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டதில், "போடறனுங். பாத்தத பாத்தேன்னு சொல்றதுக்கு எனக்கென்னங்க?" என்றார். உதவி ஆய்வாளரைப் பார்த்துத்தான் சொன்னார்.

குடையைப் பற்றிச் சொல்வது. மேற்படி குடை என் வசம் உள்ளது. தொலையவில்லை. துணியை இரண்டு தடவை நானே மாற்றித் தைத்தேன், காம்பும் கம்பியும் பழையவை. ஸ்ரீமதியைப் பள்ளிக்கு அழைத்துப் போனது அதில்தான். அதை நிலையத்தில் ஒப்படைக்க நான் தயாராக இல்லை. உடைமைக்காரர் என் வீட்டுக்கு நேரில் வந்து, சாப்பிட்டுவிட்டு, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் அண்ணன் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் உதவி ஆய்வாளர் உரக்கப் படித்தார்.

அதற்கு அண்ணன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, என் கணவரிடம் திரும்பி, "மழ வராப்ல இருக்குதுங்க மாப்பிள்ள. இப்பவே ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். சமைத்து வைக்காமல் வந்துவிட்டதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) ஹ. தீபலட்சுமி

என் முன்பாக,
(ஒப்பம்) இசக்கியம்மா, உதவி ஆய்வாளர்