ஆடியது சக்கரம்தான், என் கை அல்ல

கண்ணாடி அறுத்துச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர், வயது எழுபத்தொன்று, கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், காவல் நிலைய விசாரணையில் சொன்னது:

என் மனைவியின் தம்பியான கார் பட்டறைக்காரன் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் ஸ்பேனரைக் காட்டி மிரட்டி, என் காரிலேயே அவனைக் கடத்திப் போனதாக அதில் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் காரின் முன்பக்க இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்துவிட்டது. மைத்துனனின் பட்டறையில் விட்டேன். புது ரிம் போட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு வேகம் எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது, அறுபதுக்குக் கீழே வந்தால் நடுக்கம் நின்றது. அவனிடம் சொன்னேன். வீல் பேலன்ஸ் பார்த்தான், அலைன்மென்ட் பார்த்தான், பட்டறைச் சந்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அந்தச் சந்தில் நாற்பதுக்கு மேல் யாரும் ஓட்ட முடியாது.

மறுபடியும் சொன்னபோது, என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், என் மனைவியையும் மகனையும் வைத்துக்கொண்டு, "கார் ஆடலக்கா, அத்தான் கைதான் ஆடுது. வயசாச்சில்ல" என்றான். என் மகன் சிரித்தான். மறுநாளிலிருந்து மனைவி எனக்கு டம்ளரில் பாதி அளவுதான் டீ ஊற்றினாள். கேட்டதற்கு, சிந்திவிடும் என்றாள். அதன் பிறகு பேச்சு கடைக்கும் வந்தது. ஆளுயரக் கண்ணாடி கொண்டுவந்த ஒருவர், அறுக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று என்னையே கேட்டார். நான்தான் அறுத்துக் கொடுத்தேன்.

நின்ற இடத்திலேயே கார் உதறினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் போயிருக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க் கோணியிருக்கும். ஓட்டத்தில் ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் உதறினால் பின் சக்கரம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் படித்து, பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆகவே அந்த இடது சக்கரத்தை நானே கழற்றிப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்ததை முன்னால் மாட்டி ஓட்டினேன். ஸ்டீயரிங் நடுக்கம் நின்றது, சீட் நடுங்கியது. கை ஆடுகிறது என்றால் அது எப்படி முதுகுக்குப் போகும் என்று மகனிடம் கேட்டேன். "இப்ப முதுகும் ஆட ஆரம்பிச்சிருச்சாப்பா?" என்றான். அதன் பிறகு என்னைக் கேட்காமலே சாவியை எடுத்துப் போய், விற்றுவிடச் சொல்லிக் காரை மாமன் பட்டறையில் விட்டான்.

நேற்று முற்பகல் பட்டறைக்குப் போனேன். மைத்துனன் சக்கரத்தைப் பழையபடி முன்னால் மாற்றி வைத்திருந்தான். நீயே ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டேதான் ஏறினான். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கம்போலச் சந்துக்குள் திருப்பினான். பைபாசுக்குப் போ என்றேன். முடியாது என்றான். மறுபடியும் சொன்னேன். ஸ்பேனரை ஓங்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

எண்பத்தைந்தில் ஸ்டீயரிங் உதறியது. அவன் மணிக்கட்டில் கடிகாரம் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். என் இரண்டு கைகளையும் சீட்டுகளுக்கு நடுவே நீட்டிக் காட்டி, "இப்ப யாரு கைடா ஆடுது?" என்றேன். ரோடு சரியில்லை என்றான். அது புதிதாகப் போட்ட ரோடு. அதன் பிறகு ஓரமாக நிறுத்தி, பைத்தியக்காரக் கிழம் என்று சொல்லிவிட்டு, வந்த வேனில் ஏறிப் போய்விட்டான். நான் அங்கேயே சக்கரத்தைக் கழற்றினேன். பழைய ரிம்தான். உள்பக்கம் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாலே வந்தது.

ஸ்பேனரை ஆயுதம் என்று எழுதி வாங்கிக்கொண்டீர்கள். அங்கிருந்து கொண்டுவந்த சக்கரத்தை வராந்தாவில் போட்டிருக்கிறீர்கள், அதன்மேல் யாரோ ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தையும் சாட்சிப் பொருளாக எழுத வேண்டும். மாமாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் புகாரை எடுத்துவிடுவார் என்று மகன் வந்து சொன்னான். கேட்க மாட்டேன். மைத்துனன்தான் என் வீட்டுக்கு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். டம்ளர் விளிம்புவரை இருந்தது. என் மனைவி வாசல் பெஞ்சில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் குடித்தேன். மேசையில் ஒரு சொட்டு இல்லை என்பதை எழுதுகிறவரும் பார்த்தார். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மேலே உள்ளதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொன்னேன். சிரமமாக இருந்தால் கைரேகை வைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, தாளை இடது கையில் தூக்கிப் பிடித்து, மேசையில் ஊன்றாமல் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)