டிவி இல்லாத பெட்டி

பர் துபாய் பஸ் வரிசையில் எனக்கு முன்னால், ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர்.

"பெட்டிக்குள்ள வெறும் தெர்மாகோல்தாண்ணே இருந்துச்சு," என்றான் இளையவன்.

"என்னடா சொல்ற? டிவி கம்பெனிக்காரன் நாம தங்குற கேம்புக்கே வந்து தீபாவளிப் பரிசு குடுக்குறான், நீ கண்ணு கலங்கி வாங்குற. விளம்பரத்துல பாத்தேனே!"

"கலங்கச் சொன்னாங்க, கலங்குனேன். ஷூட்டிங் முடிஞ்சதும் பெட்டியத் திருப்பி வாங்கிட்டாங்க."

"வீட்ல?"

"தெரு முழுக்கச் சொல்லிட்டா. டிவி மாட்டச் சுவத்துல ஆணியும் அடிச்சாச்சாம். நாளைக்கு லீவுல போறேன்."

"உண்மையச் சொல்லிர வேண்டியதுதானடா."

"எப்படிண்ணே? அப்பா அழுறத எம்மக பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் பெருமையாக் காட்டுறாளாம்."

பஸ் வந்து நின்றது. அதன் பக்கவாட்டு நெடுகிலும், பெட்டியை நெஞ்சோடு அணைத்து, நனைந்த கண்களோடு அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.

தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டான்.

"நீங்க போங்கண்ணே," என்று வரிசையின் கடைசிக்கு நடந்தான்.