கொக்கி மாட்டிய இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருந்தது, சார். சாகணில் எங்கள் தொழிற்சாலை வாசலில் இருக்கும் டப்ரி டீக்கடையில்தான் குடித்தேன். எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. அதனால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுந்தரமூர்த்தி. ஆளை உயரத்துக்குத் தூக்கும் மேன்லிஃப்டுக்குக் கீழே காவலுக்கு நிற்பவன். மேலே கூடையில் நிற்பவனிடமும் ஏற்றி இறக்கும் விசை உண்டு. கீழே நான் சாவியைத் திருப்பிவிட்டால் அது வேலை செய்யாது, என் விசைதான் வேலை செய்யும். ஆபத்து நேரத்தில் அவனை இறக்குவதற்கான ஏற்பாடு அது.

பன்னிரண்டு வருடம் முன்பு, நான் காவலுக்கு வருவதற்கு முன்னால், கசார்வாடியில், ஜம்பு என்கிற என் கூட்டாளி பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் விழுந்தான். அவன் தரையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விதிப் பலகை யாரையும் காப்பாற்றாது, பயம்தான் காப்பாற்றும் என்று அன்றே புரிந்தது. அதனால் புதிதாக ஏறுகிறவனைக் கீழேயிருந்து ஒரு தடவை உலுக்கிவிடுவேன். கூடை சட்டென்று அரை அடி இறங்கும். அவனுக்கு உயிர் போய் உயிர் வரும். மறுநாள் சொல்லாமலே கொக்கி மாட்டுவான். அடியாத மாடு படியாது என்பார்கள். நான் யாரையும் அடித்ததுகூட இல்லை.

ஹரீஷ் எலக்ட்ரீஷியன், சிஞ்ச்வட்காரன். மனைவி காவ்யாவுக்கு இது ஏழாம் மாதம். அவனை மூன்று தடவை உலுக்கினேன். அதற்குப் பிறகு அவனுக்குக் கூடைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. அன்றைக்கு முப்பத்தைந்து அடி உயரத்தில், கூடையின் வளையத்தில் மாட்ட வேண்டிய கொக்கியைக் கூரை இரும்பில் மாட்டிக்கொண்டான். மாட்டவே கூடாத இடம் அது. கூடை இறங்கினால் ஆள் அந்தரத்தில் தொங்குவான்.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

"அண்ணா, நக்கோ, இறக்காதீங்க. பெல்ட்டு மேல மாட்டிருக்கு."

"தெரியும்டா. எங்க மாட்டணும்னு இனிமே மறக்கமாட்ட."

கூடை தரைக்கு வந்தது, அவன் வரவில்லை. காலை உதறினான். "பஹுத் டர் லக்ரா ஹை, ரொம்பப் பயமா இருக்கு, அண்ணா. தொடை நசுங்குது," என்று அழுதான். விடுமுறை நாள். ஷெட்டில் வேறு ஆள் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிடப் பயம் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தேன். டப்ரியில் பேச்சு வளர்ந்து அரை மணி ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. பாடம் ஏறிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தலை தொங்கியிருந்ததைக் கவனித்தேன். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் வார் இறுகி, காலுக்குப் போன ரத்தம் மேலே திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் பயிற்சியிலும் வருடா வருடம் அதைச் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

செய்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். உங்கள் காகிதத்தில் 'உயரத்திலிருந்து விழுந்து மரணம்' என்று இருக்கிறதாம். ஹரீஷ் விழவில்லை, சார். என் காவலில் இன்றுவரை ஒருவனும் விழுந்ததில்லை.