ஆள்காட்டி விரல்

எனக்கு உள்ளங்கை வியர்க்காது, ஐயா. எங்கள் வேலைக்கு அது பெரிய வசதி. மெய்நிகர் உலகத்தில் எதையாவது தொட்டால், தொட்டது கையில் தெரிய வேண்டும் இல்லையா, அதற்கான கையுறைகளைச் செய்கிறேன். உள்ளே முடி கனத்தில் உலோகக் கம்பிகள். மின்சாரம் பாய்ந்தால் சூடாகிச் சுருங்கும். கையை யாரோ பிடித்ததுபோல் இருக்கும். நிறுத்தினால் நாலு விநாடியில் ஆறி விட்டுவிடும்.

சோதனைக்காக ஒருமுறை அண்ணனின் கைப்பிடியைப் பதிவு செய்தேன். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷின் அவருடைய ஆள்காட்டி விரலை எப்போதோ வாங்கியிருந்தது. "உங்க அண்ணனுக்கு எண்ணிக்கையே நாலோட முடிஞ்சிடும்" என்று அண்ணி கிண்டல் செய்வார். பதிவு செய்த மூன்றே மாதத்தில் மாரடைப்பு, அண்ணன் போய்விட்டார். அண்ணி சிலையாக உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் அந்தக் கையுறையை மாட்டிவிட்டேன். அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

பதிவு நாற்பது விநாடிதான். "எப்பவும் ஒரே மாதிரி பிடிக்கிறார், தம்பி. இது அவர் இல்ல" என்றார் பத்தாம் நாள். உங்கள் பேச்சுக்குத் தக்கபடி அசையக் கையுறையைப் பழக்குகிறேன் என்று சொன்னேன். பிறகு ஜோடிக் கையுறையைப் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் நானே உட்கார்ந்தேன். என் பிடி அங்கே தெரியும், அண்ணியின் பிடி இங்கே தெரியும். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டியே வைத்திருப்பேன். தினமும் மாலை ஆறு மணிக்கு, ஏழு மாதம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போன வெள்ளிக்கிழமை சுவருக்கு அப்பால் அண்ணியின் குரல் கேட்டது. "ஏங்க, கூட வேலை பாக்கிறவர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்கிறார். நல்ல மனுஷன். எனக்கும் பிடிச்சிருக்கு. சரின்னா ஒரு தடவ அழுத்துங்க. வேணாம்னா ரெண்டு தடவ."

இரண்டு தடவை அழுத்தினேன். அவசரத்தில் ஐந்து விரலாலும் அழுத்திவிட்டேன்.

அண்ணி மெதுவாக, "தம்பி, கைய விடுங்க" என்றார்.

என் கை என்று தெரிந்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமாக இருந்தது. கம்பிச் சூட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தேன். வைத்தவனும் நான்தான், எடுத்தவனும் நான்தான். விரல்களை இறுக மூடிக்கொண்டேன். இறுகிய கையுறையை ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. அண்ணி முதலில் என்னைக் கூப்பிட்டார், பிறகு அண்ணனை, பிறகு அக்கம்பக்கத்தாரை. அவர்கள் கதவை உடைக்கப் பதினோரு நிமிடம் ஆனது.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் வெந்துபோன ஆள்காட்டி விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்கிறீர்கள். நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் 'ஆசைப்பட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அண்ணன் சார்பில்தான் பிடித்திருந்தேன். என் கையுறை உள்ளே நனைந்திருந்ததாக உங்கள் ஆள் குறித்திருக்கிறார். அது வேறு ஏதாவது ஈரமாக இருக்கும், ஐயா. எனக்குத்தான் வியர்க்காதே.