எட்டு மில்லிமீட்டரைத் தாண்டிய வம்சப் பெருமை

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான்! அதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே வைப்பேன். மேடையின் ஒரே மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் விழாத் தலைவர் விருத்தாசலம் அவர்களே! கபடி ஆடக் கிளியனூரிலிருந்து கிளம்பி வந்த காளையரே! பரிசளிப்பு முடிந்தால்தான் பிரியாணி என்பதால் பொறுமை காக்கும் பெரியோரே, தாய்மாரே! திண்டிவனத்துத் திலகங்களே!

என் தங்கை தையல்நாயகியின் மகன் ரஞ்சித், போன ஆண்டு இதே களத்தில் கபடி பாடிப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இளவட்டம்! விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய், மல்லாட்டைக் கடலைக் காய் போலப் புடைத்திருந்தது.

"எட்டு மில்லிமீட்டர் ஆயிட்டாலே ஜெயண்ட்னு சொல்லுவோம். இது அதையும் தாண்டிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

விடுவேனா நான்? "எங்க வம்சத்துல எல்லாமே பெருசுதாங்கம்மா!" என்றேன்.

"பெருமைப்பட ஒண்ணும் இல்லைங்க. புடைச்ச இடத்துல ரத்தம் தேங்கி உறைஞ்சா உசுருக்கே ஆபத்து. சின்ன வயசுல விடாம காய்ச்சல் அடிச்சுதா? கண்ணு, நாக்கு சிவந்து, விரல் நுனியில தோல் உரிஞ்சுதா?"

"ஆமாங்கம்மா! அம்மைன்னு அண்ணன் சொல்லிச்சு. வேப்பிலையில படுக்க வெச்சு, மாரியாத்தாவுக்குக் கூழும் ஊத்தினோம்" என்றாள் தங்கை.

எப்படி என் மருத்துவம்? காய்ச்சல் தானாக இறங்கியது. தம்பட்டம் நான் அடித்தேன். அது குழந்தைகளின் ரத்தக்குழாயைக் கெடுக்கும் காவசாகி நோயாம்! ஜப்பான் பெயர் தாங்கிய நோய் நம் கேப்பைக் கூழுக்கா கட்டுப்படும்? சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று நான் சொன்னதும் வேப்பிலை ஒடித்து வந்தவர்கள் நீங்கள்தானே?

பிறகு ஆஞ்சியோ. பிறகு பைபாஸ். இன்று ரத்தம் உறையாதிருக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. ஆகவே கபடி கிடையாது. அதோ, கழுத்தில் விசிலோடு நடுவராக நிற்கிறான்! அன்று தொட்டு வெளியேற்றியவன், இன்று ஊதியே வெளியேற்றுகிறான்!

என்ன சத்தம் அங்கே? தங்கைதான்.

"ண்ணா! முன்னாடியே சொன்னேன்னு அளந்துக்கினு இருக்கியே, அன்னிக்கு இன்னா சொன்ன? அதையும் சொல்லு!"

சொல்கிறேனம்மா. பெருமக்களே, முன்கூட்டியே சொன்னேன் என்பது மட்டும் நானே கட்டிவிட்டது. மற்றதெல்லாம் மெய், பிரியாணி உட்பட. அவன் சாய்ந்தபோது நான் சொன்னது, "கேஸு. ஒரு சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிடும்." ஊரே தலையாட்டியது. ஆட்டாதவள் ஒருத்தி. என் கையிலிருந்த சோடாவைத் தட்டிவிட்டு, மகனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அண்ணன் பேச்சை நம்பாத அந்தத் தங்கைக்கு நன்றி! இனி நெஞ்சுவலிக்கு யார் சோடா நீட்டினாலும், நானே நீட்டினாலும், தட்டிவிடுங்கள். வணக்கம்!