படகைத் திருப்பியது யார்?

— துண்ட நல்லாத் திணி பகலவா. இவன் போட்ட கூச்சலுக்கு லாட்ஜே எந்திரிச்சு வந்திரும்.

— திணிச்சிட்டேன் சுடல. இன்னா மண்ணாங்கட்டிண்ணே, சுங்குவார்சத்திரத்துல ஆஸ்திரேலியாவுக்கு ஆளு அனுப்பறவன் நீ ஒருத்தன்தான்னு பீத்திக்கினு திரிஞ்சியே?

— ஏலே, தலைய ஆட்டாத! எந் தங்கச்சி செல்லக்கனியும் மாப்பிள்ளையும் ஏறுன படகு எங்க? மாப்பிள்ள அகதி முகாம்லயே பொறந்து வளந்த பய, அங்க போயாவது மனுசனா இருப்பாம்னு ஒன்ன நம்பி வேன்ல ஏத்திவிட்டேன். நேத்துலருந்து போன் போவல. கேக்கேம்லா?

— வாயில துணிய வச்சிக்கினு எப்டிப்பா சொல்வான்?

— மொதல்ல அடி, பொறவுதான் கேள்வி. இந்தா! இந்தா!

— யப்பா, மூக்கு ஒட்ஞ்சிடுச்சி. ரத்தம் என் வேட்டில தெறிக்குது. இவன அட்ச்சி இன்னா புண்ணியம்? படகத் திருப்பி அனுப்பற வீடியோ செல்லுல வந்திச்சே, பாக்கல? ஆஸ்திரேலியால ஆட்சில இருக்கறது லேபர் கட்சி. அவன் வேல இது.

— லேபரப் பத்திப் பேசாத. நான் காண்ட்ராக்ட் லேபரா கம்பெனி லைன்ல நிக்கேன், எங்கட்சிய எனக்குத் தெரியாதா? மொதல்ல படக மறிச்சுத் திருப்புன பயலுவ அங்க எதிர்க்கட்சியா இருக்க ஒங்க லிபரல்காரனுவ.

— சும்மா வளவளன்னு பேசாத. ஒன்றியத் துணைச் செயலாளர் என் கிட்டயே சர்வதேச அரசியல் பேசறியா? லிபரல்காரன் வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். ஒங்காளு வாசலத் தொறந்து வுட்டு, அப்பால வந்தவங்கள நடுக்கடல் தீவு முகாம்ல கொண்டுபோயி அடச்சான்.

— தீவுல அடைக்க ஆரம்பிச்சதே ஒங்காளுதாம்ல!

— மூடன முகாம திரும்பத் தொறந்தது யாரு? படிக்காத கய்தை!

— யாரக் கழுதைங்க?

— சட்டைய வுடு. சுடல, சட்டைய வுட்ரு... ஆ! பல்லு! என் பல்ல ஒட்ச்சிட்டியேடா!

— ஒங்கட்சிக்கு ஒரு பல்லு போதும்.

— ஸ்டூலால அடிக்கறேன் பாரு. இது ஒங்க லேபருக்கு! இது அந்தத் தீவுக்கு!

— எம்மா... மண்ட பொளந்துட்டுல. பெல்ட்ட உருவுனேம்னா தோல் மிஞ்சாது, பாத்துக்க.

— உருவுடா! ஆட்சில ஒக்காந்துக்கினு இன்னிவரைக்கும் படகத் திருப்பறது யாரு? அத்த சொல்லு மொதல்ல!

— ஒங்காளு போட்ட பாதைல போறான், வேற என்ன செய்ய? ஏலே... ஏலே, கழுத்த விடுல!

— ஒத்துக்க. அப்பதான் வுடுவேன்.

— செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்.

— சர்ரா, நமக்குள்ள எதுக்கு? இவனே நடுவுல நின்னு சொல்லட்டும். காலைலேர்ந்து உம் உம்னு மொனகிக்கினே கீறான். துண்ட உருவு.

— உருவிட்டேன். சொல்லு வே, எந் தங்கச்சி படகத் திருப்புனது லேபரா, லிபரலா?

— தண்ணி...

— கட்சியச் சொல்லு, பொறவு தண்ணி!

— எனக்கில்லபா, அதுங்களுக்கு. படகுமில்ல ஒண்ணுமில்ல. ஒன் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் ஒரகடத்துல ஒரு பழைய கன்டெய்னர்ல வச்சி நேத்து பூட்டினேன். காத்தாலே தொறந்து தண்ணி குடுக்கப் போய்க்கினு இருந்தப்பதான் ரெண்டு பேரும் என்னப் புடிச்சி இங்க கட்டிப்போட்டீங்க.