பதினேழாம் எண்ணில் மரத்த விரல்கள்

நரம்பியல் மருத்துவர் நேற்று மாலை நான்கு மணிக்குக் கையெழுத்திட்ட அறிக்கை என் கையில் இருக்கிறது. கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள 'டிஸ்க்' எனும் வட்டு பிதுங்கி, வலக்கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடிமானம் குறைந்திருக்கிறது. இதுவரை உறுதியானது இவ்வளவே.

அவைக்குத் தலைமையேற்ற குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, சுருட்டிய பாயும் சுமந்த மனமுமாக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அந்த விரல்கள் யாருடையவை? உங்களில் பாதிப் பேர் உடுத்தியிருக்கும் உடையைத் தைத்தவருடையவை! இருபத்திரண்டு ஆண்டுகள் தையல் இயந்திரத்தின்மேல் குனிந்த கழுத்து. அந்தக் கழுத்துவலி தீரத்தான் இந்தக் கூடத்துக்கு யோகா பழக வந்தார். தீர்க்க வந்த இடமே தீராத வலி தரலாமா?

இங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆசனத்தில் இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து முப்பதுவரை எண்ண வேண்டும். இடையில் ஒருவர் 'போதும்' என்றால், அனைவருக்கும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கை. முறைப்புக்கு அஞ்சி முதுகைக் கொடுத்தீர்கள். வெட்கத்துக்கு அஞ்சி வலியை விழுங்கினீர்கள்!

சென்ற செவ்வாய்க் காலை, தோளில் உடலைத் தாங்கிக் கால்களை உயர்த்தும் சர்வாங்காசனம். பதினேழு எண்ணும்போது பக்கத்துப் பாயிலிருந்த நாத்தனாரிடம் அவர் முனகினார்.

"விரலெல்லாம் மரத்துப்போச்சுடி."

"வாயத் திறக்காதீங்க அண்ணி. போன வாரமே உங்களாலதான் திரும்ப எண்ணினோம். இன்னும் பதிமூணுதான்!"

இதை அழுதபடி என்னிடம் சொன்னவர் அந்த நாத்தனாரே. அடுத்து யோகா மாஸ்டர் வந்தார். "கால் வளையுதும்மா" என்றார். "இஸ்திரி போடுங்க மாஸ்டர், நேராயிடும்!" என்று ஒரு குரல். சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே மாஸ்டர் அந்த அம்மாவின் இரு கணுக்கால்களையும் பிடித்து மேலே இழுத்தார். சங்கம் விசாரிக்கச் சொன்னதால், வகுப்பிலிருந்த இருபத்தெட்டுப் பேரையும் கேட்டேன். சிரித்ததாக ஒப்புக்கொண்டவர்கள் இருபத்தொருவர்.

என்ன ஐயா, பின்வரிசையில்? "நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்கிறீர்களா? மாஸ்டரையும் கேட்டேன். "யாருக்குக் கழுத்துல கோளாறுன்னு நான் விசாரிக்கவே இல்ல சார்" என்றார். மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை.

இழுக்கிற கைக்குத் தெரியுமா இழுபடுகிற கழுத்தின் எல்லை? விரல் மரத்தால் நிறுத்துங்கள்! சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால் நிறுத்துங்கள்! மூச்சு முட்டினால் நிறுத்துங்கள்! பழைய வலியைப் பாய் விரிக்கும் முன்பே சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் தவித்தால் எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்து போங்கள். உங்கள் உடம்பின் எல்லையை உங்களைத் தவிர வேறு யார் அறிவார்?

"கத்தரிக்கோல் நழுவி நழுவி விழுது. இந்தக் கைதானே எங்க வீடு?" என்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அந்தத் தாய் கேட்டார்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது வியாழன் காலை பதினொரு மணிக்கு, நரம்புப் பரிசோதனைக்குப் பின் தெரியும். கசப்பைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி வணங்குகிறேன். பிடிமானம் திரும்புமா என்று மட்டும் வாசலில் என்னைக் கேட்காதீர்கள். ஆறு வாரம் போகட்டும் என்கிறார் மருத்துவர். அதுவரை அவருக்கும் தெரியாது.